பதினான்காம் படத்து அம்பு

ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். உங்கள் இடது காதும், அங்கே அச்சகத்தில் நீங்கள் மெய்ப்பு பார்க்கும் மருத்துவ அகராதியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதுங்கள். கடிதம் எதற்கு, போனிலேயே பேசலாமே என்கிறாள் அம்மா. சென்ற முறை அப்படித்தான் பேசினோம். உங்களைத் தவிர பக்கத்து வீட்டார் அனைவருக்கும் நன்றாகக் கேட்டது. செல்பேசியில் செய்தி அனுப்பினால் பிழை திருத்தி உடனே திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். கடிதத்தையும் திருத்துவீர்கள். ஆனால் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்பதால் அதற்குள் மனம் பக்குவப்பட்டுவிடும்.

செய்தி இதுதான். கல்லூரியின் பந்தய வண்டிக் குழுவில் என்னை கியர்பாக்ஸ் பிரிவுக்குத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். பிரிவில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவன் படம் வரைபவன். ஒல்லியாக, வளையாமல் இருப்பதால் ஸ்கேல் என்று கூப்பிடுகிறோம். ஆகவே நான் தலைமை தாங்குவது ஒரு ஸ்கேலுக்கு.

ஜனவரியில் போட்டி. அறுபது கல்லூரிகள் தாங்களே கட்டிய ஒற்றை ஆள் வண்டியைக் கல்லிலும் சேற்றிலும் நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். எஞ்சின் எல்லாருக்கும் ஒன்றே. பத்துக் குதிரைத் திறன். அதில் கைவைக்கக் கூடாது. அந்தப் பத்துக் குதிரைகளையும் வழியில் தொலைக்காமல் சக்கரம் வரை ஓட்டிக்கொண்டு போவதில்தான் வெற்றி தோல்வி. அந்த வழி என் பொறுப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு முறை சுற்றுகிறது. சக்கரமும் அப்படியே சுற்றினால் வண்டி நின்ற இடத்தில் கிணறு வெட்டும். நடுவில் சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குவது. ஒன்றுக்கு எத்தனை என்பதுதான் கேள்வி.

வடிவமைப்பைப் பற்றி ஐந்து நடுவர்கள் விசாரிப்பார்கள். அவர்கள் முன் நின்று பதில் சொல்வதும் நானே என்று கேப்டன் சொல்லிவிட்டான். வண்டியைவிட அந்த மேசைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன். முதல் வருடம் அதற்கு நாலடி தள்ளி, பேசுகிறவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

ஒரு வேண்டுகோள். அதே நடுவர்கள் எங்கள் அறிக்கையையும் படிப்பார்கள். சென்ற ஆண்டு அறிக்கையின் ஓரத்தில் ஒருவர், ‘இது எந்த மொழி?’ என்று எழுதியிருந்தார். இந்த ஆண்டு அறிக்கைக்கு நீங்கள் மெய்ப்பு பார்த்துத் தர முடியுமா?

உங்கள் மகள்

*

ஜூன் 19

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டே பிழை. வளர்ந்திருக்கிறாய்.

என் உடல்நிலையும் அகராதியோடு சேர்ந்து அகர வரிசைப்படி போய்க்கொண்டிருக்கிறது. இப்போது ‘க’. கல்லீரல் வரை நன்றாக இருந்தேன். காமாலை வந்தபோது பார்த்ததெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அறை விளக்கே மஞ்சள் என்பதை இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தேன். கீல்வாதம் நேற்றுத் தொடங்கியது. அடுத்த வாரம் குடலிறக்கம். “சார், ‘வ’ வரைக்கும் தாங்குவீங்களா, இல்ல வேற ஆள் பாக்கட்டுமா?” என்று அச்சக ஃபோர்மன் விசாரித்தார். அக்கறையுள்ள மனிதர்.

தலைவி ஆனதில் மகிழ்ச்சி. இரண்டு பேர்தானே என்று குறைத்துச் சொல்லாதே. நம் வீட்டில் மூன்று பேர். நான் யாருக்கும் தலைவனாக இருந்ததில்லை.

அறிக்கையை அனுப்பு. எனக்குப் பொறியியல் தெரியாது. மெய்ப்பு பார்ப்பவனுக்கு அது ஒரு தகுதி. விஷயம் புரிந்தவன் விஷயத்தைப் படிப்பான். புரியாதவன்தான் எழுத்தைப் படிப்பான். சில புத்தகங்களின் முதல் பக்கத்தில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பாய். நான் கைவைத்த புத்தகம் எதிலும் பார்த்திருக்க மாட்டாய். முப்பத்தொரு ஆண்டுகள், ஒரு சீட்டு இல்லை. உன் அம்மா இதைச் சாதனை என்று ஒப்புக்கொள்வதில்லை. பரிசு, பட்டம், பதவி உயர்வு எதுவும் வராத மனிதனுக்கு வராமல் போன சீட்டுகளாவது மிஞ்சட்டும்.

அம்மாவை மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கச் சொல். நான் ‘ம’வுக்குப் போனதும் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா

*

ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். குடலிறக்கம் இறங்கிவிட்டதா? அம்மா தைலம் தேய்க்கிறாள். ‘ம’ வரும்வரை காத்திருக்க முடியாதாம்.

இந்த மாதம் முழுக்க கேப்டனோடு சண்டை. அவனுக்கு வேகம் வேண்டும். எஞ்சின் ஏழு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்கிறான். எனக்கு இழுவை வேண்டும். ஒன்பதுக்கு ஒன்று என்றேன்.

“இது ரேஸு. செக்கு இல்ல,” என்றான்.

“மேடு ஏறாத வண்டி எவ்ளோ வேகமா போனா என்ன? அடிவாரத்துல சீக்கிரம் போய் நிக்கும்.”

“ரெண்டு பேரும் எட்டுன்னு வச்சுக்கோங்களேன்,” என்றான் ஸ்கேல்.

“இது என்ன கத்தரிக்கா பேரமா?” என்று நானும் கேப்டனும் ஒரே குரலில் கேட்டோம். அந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறை.

வண்டி ஓட்டப் போகிறவள் கொசு. எடை நாற்பத்திரண்டு கிலோ. திறமையைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம், எடையைக் குறைக்க முடியாது என்று தேர்ந்தெடுத்தார்கள். அவள், “எனக்கு ஏழும் வேணாம் ஒன்பதும் வேணாம். நடுவழியில கழண்டு கையில வராம இருந்தா சரி,” என்றாள்.

கடைசியில் ஒரு தள்ளுவண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றி, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் கயிறு கட்டி இழுத்து, எவ்வளவு விசை தேவை என்று தராசில் அளந்தோம். கணக்குப் போட்டதில் எட்டு புள்ளி இரண்டு வந்தது. இருவருமே தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பின்னால் போகும் கியரே வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டேன். நான்கு கிலோ மிச்சம். “பள்ளத்துல மாட்டிக்கிட்டா?” என்று கேட்டாள் கொசு. “மாட்டிக்காத,” என்றேன்.

அறிக்கை 212 பக்கம். தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோபிக்காமல் படியுங்கள்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 5

அன்பு மகளுக்கு,

நலம். ‘ச’ நடக்கிறது. சிறுநீரகத்தில் கல் இருப்பதாக நினைத்தேன். இடுப்பில் குத்தியது சட்டைப்பையிலிருந்து நழுவிய பென்சில்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 611 திருத்தங்கள். பயப்படாதே. அகராதியின் தொகுப்பாசிரியர் மருத்துவர், அவருக்கு இதைவிட அதிகம்.

பொதுவாகச் சில சொல்கிறேன். ‘ஓட்டுநரால் வண்டி ஓட்டப்படும்போது ஓட்டம் நிகழ்கிறது’ என்று ஓரிடத்தில் வருகிறது. ‘ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிறார்’ என்று மாற்றியிருக்கிறேன். உன் தோழி ஆட்சேபிக்க மாட்டாள் என்று நம்புகிறேன். ‘மிகச் சிறந்த’ என்ற சொல் 94 இடங்களில் வருகிறது. ஆறை விட்டுவைத்திருக்கிறேன். நன்றியுரையில் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் பல்சக்கரம் வெட்டப் போகிற லேத்காரரை மறந்துவிட்டீர்கள். சேர்த்துவிட்டேன். இரும்பு அவர் கையில் இருக்கிறது, ஜாக்கிரதை.

[இரண்டாம் பக்கம்]

படங்கள் எனக்குப் புரியாது. ஆனால் ஒழுங்கு புரியும். தபாலில் போடும் முன் கடைசியாக ஒரு முறை புரட்டியபோது ஒன்று அகப்பட்டது. பக்கம் 41-இல் ஒன்பதாம் படம். பக்கம் 78-இல் பதினான்காம் படம். இரண்டிலும் இருப்பது அதே எஞ்சின் தண்டு. ஒன்றில் சுற்றும் அம்பு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, மற்றதில் வலப்பக்கம். ஒரே தண்டு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சுற்றாது என்பது எனக்கே தெரியும். முதலில் வந்தது செல்லும் என்பது எங்கள் தொழில் வழக்கம். ஆகவே பதினான்கை ஒன்பதுக்கு ஒத்துப்போகும்படி திருப்பிவிட்டேன். 612. இத்தனை பொறியாளர்கள் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டதில் கொஞ்சம் பெருமை என்பதை மறைப்பதற்கில்லை. நீயும் ஒரு முறை பார்த்துவிடு.

அம்மாவிடம் சொல்.

அப்பா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரமில்லை, மன்னியுங்கள். பரீட்சை நடக்கிறது. உங்கள் கடிதத்தில் முதல் பக்கம் படித்தேன், சிரித்தேன். மீதி பரீட்சை முடிந்ததும்.

சிவப்பு மையில் இருப்பதை எல்லாம் அப்படியே ஏற்று என்று தாள்களை ஸ்கேலிடம் கொடுத்துவிட்டேன். ஒன்று விடாமல் ஏற்றியிருக்கிறான். அறிக்கை அச்சாகி நடுவர்களுக்குப் போய்விட்டது. அட்டைகூட அழகாக இருக்கிறது. கேப்டனின் ஆட்கள் பதினான்காம் படத்தை வைத்துக்கொண்டு எஞ்சின் உட்காரும் பீடத்தை வெல்டிங் செய்கிறார்கள்.

லேத் அண்ணன் நன்றியுரையைப் படித்தார். மறுநாள் பல்சக்கரங்களைக் கொடுத்தபோது, “கம்ப்யூட்டர்ல பாத்தா பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. இரும்புக்கும் அது தெரியணும்ல, அதான் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கேன்,” என்றார். இரண்டும் ஒன்றோடொன்று சேரும்போது சத்தமே வரவில்லை, அப்பா.

உங்கள் மகள்

*

அக்டோபர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீண்ட நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. இப்போது தயார். ஓடியது. அதைப் பற்றித்தான்.

போன வாரம் வண்டியை மேடையில் தூக்கி வைத்து எஞ்சினைப் போட்டோம். சக்கரம் சுற்றியது. எல்லாரும் கைதட்டினோம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பன்னிரண்டு பேர் நின்றோம்.

நேற்று மைதானத்தில் முதல் ஓட்டம். துறைத் தலைவர் வந்து ஒரு சிற்றுரை ஆற்றினார். முன்னேற்றம் என்ற சொல்லை ஏழு முறை பயன்படுத்தினார். கொசு ஹெல்மெட் மாட்டி, கட்டைவிரலைக் காட்டி, ஆக்சிலரேட்டரை மிதித்தாள். வண்டி மிக நன்றாக, ஒரு குலுக்கல் இல்லாமல், நல்ல வேகத்தில் பின்னால் போனது. துறைத் தலைவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வயதுக்கு மீறிய சுறுசுறுப்பு உள்ளவர் என்பது நேற்றுத் தெரிந்தது.

கொசு வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். “ரிவர்ஸே வேணாம்னு சொன்ன. இப்ப ரிவர்ஸ் மட்டும்தான் இருக்கு.”

“இழுவ நல்லா இருக்கா?” என்று கேட்டேன்.

“சூப்பரா இருக்கு. கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது.”

காரணம் கண்டுபிடித்துவிட்டோம். கியர்பாக்ஸின் தண்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட்டை எந்தப் பக்கமும் மாட்டலாம். எஞ்சினை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பது என்பதைப் பதினான்காம் படத்து அம்பை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அந்த அம்பு தவறாகத் திரும்பியிருந்தது. எஞ்சினைத் திருப்பி வைக்க வேண்டும். பீடத்தை அறுத்துப் புதிதாக வெல்டிங் செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும். நேரம் இருக்கிறது. கவனிக்காமல் விட்டது நான். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

காதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

[தாளின் பின்புறம், வேறு கையெழுத்தில்]

தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தா. பின்பக்கம் காலியா இருந்துச்சு. விசேஷம் ஒண்ணுமில்லன்னு எழுதிருக்காளே, அந்த ஒண்ணுமில்லாதது என்னன்னு நான் சொல்றேன். நடுவருங்க முன்னாடி இவ பேசப் போறதில்ல. கேப்டன் பேசப் போறானாம். ‘தப்பு என்னோடது, நான் விலகிக்கறேன்’னு இவளே சொல்லிட்டு வந்திருக்கா. நெஜமா யார் தப்புன்னு கேட்டேன். பதில் சொல்லாம பாத்திரம் தேய்க்கப் போயிட்டா. இவ கேக்காம பாத்திரம் தேச்சது எப்பன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்தா சொல்லுங்க. தைலம் தீந்துபோச்சு.

*

நவம்பர் 4

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ‘த’ முடிந்து ‘ந’ போகிறது. தூக்கமின்மை பற்றிய பகுதி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆழ்ந்து படித்தேன். நேரமும் இருந்தது.

இங்கே மழை. சன்னல் வழியே சாரல் வருவதால் மேசையை நகர்த்திப் போட்டிருக்கிறேன். ஃபோர்மன் கண்ணாடி மாற்றியிருக்கிறார். இப்போது அவருக்கு என் முகம் தெளிவாகத் தெரிகிறதாம். ஒல்லியாகிவிட்டேன் என்கிறார்.

பதினான்காம் படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

அச்சகத்தில் உயரமான மின்விசிறி ஒன்று இருக்கிறது. பதினோரு மாதமாக அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒரு தாள் பறந்து அதன் பின்னால் விழுந்தது. எடுக்கப் போனேன். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கமாகச் சுற்றும் அதே விசிறி, பின்னாலிருந்து பார்த்தால் மறுபக்கமாகச் சுற்றுகிறது. விசிறி மாறவில்லை. நான் நின்ற இடம்தான் மாறியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். “காத்து முன்னாடிதான் சார் வரும்,” என்றார் ஃபோர்மன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

அப்பா

*

நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தைலம் வந்தது. நன்றாகச் சாப்பிடுங்கள்; ‘ப’ வந்தால் பசியின்மை என்று வேறு ஆரம்பித்துவிடுவீர்கள்.

எஞ்சினைத் திருப்பியாயிற்று. நேற்று வண்டி முன்னால் போனது. இவ்வளவு சாதாரணமான ஒரு காரியத்துக்கு இவ்வளவு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. மேட்டில் நாங்கள் கணக்குப் போட்ட இடத்தில், கணக்குப் போட்ட வேகத்தில் ஏறியது. கேப்டன் என்னிடம் வந்து, “எட்டு புள்ளி ரெண்டு சரிதான்,” என்று சொல்லிவிட்டு யாரும் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தான்.

விசிறியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விசிறி இருக்கிற இடத்தில் இருக்கட்டும், அப்பா. அதை நகர்த்தி யாருக்கும் காட்ட வேண்டாம். நீங்கள் திருத்திய தாள்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன். அந்த முப்பத்தொரு ஆண்டு எனக்கும் கொஞ்சம் சொந்தம்.

உங்கள் மகள்

*

டிசம்பர் 9

வண்டிக் குழுவின் கேப்டன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாம் சந்தித்ததில்லை. உங்கள் கியர்பாக்ஸ் பிரிவுத் தலைவியின் தகப்பன் நான். உங்கள் அறிக்கைக்கு மெய்ப்பு பார்த்தவனும் நானே.

இத்துடன் 25 அச்சிட்ட சீட்டுகள் இருக்கின்றன. நடுவர்களின் படிகளிலும் உங்கள் படிகளிலும் முதல் பக்கத்தில் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். பசை நான்கு ஓரங்களிலும் மெல்லியதாகத் தடவவும். நடுவில் தடவினால் தாள் சுருங்கும். சீட்டின் வாசகம்:

பிழைதிருத்தம்

பக்கம் 87, படம் 14. அம்பு வலஞ்சுழியாக இருக்க வேண்டும். ஒன்பதாம் படம் வண்டியின் இடப்புறத்திலிருந்தும் பதினான்காம் படம் வலப்புறத்திலிருந்தும் பார்த்து வரையப்பட்டவை. வரைந்தவர்கள் சரியாகவே வரைந்திருந்தார்கள். ஒரே தண்டை இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்க்க முடியும் என்பதை அறியாத மெய்ப்பாளர் அம்பை மாற்றினார். பிழை அவருடையது.

நடுவர்கள் முன் யார் பேசுவது என்பது உங்கள் முடிவு. அதில் நான் திருத்தம் சொல்ல முடியாது. ஆனால் தவறான தகவலை வைத்து எடுத்த முடிவை மறுபடி பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம்.

தங்கள் உண்மையுள்ள,
மெய்ப்பாளர்

*

டிசம்பர் 9

அன்பு மகளுக்கு,

‘ப’ பாதி. பசியின்மை நீ சொன்னபடி வந்தது. இன்று மதியம் போய்விட்டது.

உன் கேப்டனுக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். நீ தடுப்பாய் என்பதால் உன் முகவரிக்கு அனுப்பவில்லை.

சீட்டை அச்சுக் கோக்கக் கொடுத்தபோது ஃபோர்மன் இரண்டு முறை படித்தார். “சார், இது உங்களையா சொல்லுது?”

“ஆமா.”

“முப்பத்தொரு வருஷம் என்ன ஆச்சு?”

“முப்பத்தொண்ணுலயே நிக்குது. முப்பத்திரண்டு ஆகல. அவ்ளோதான்.”

அவர் தடித்த நல்ல தாளாக எடுத்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த தாள்.

குற்ற உணர்ச்சி என்று அகராதியில் தேடினேன். ‘கு’வில் இல்லை. தொகுப்பாசிரியரைக் கேட்டதற்கு, அது நோய் அல்ல, அதனால் சேர்க்கவில்லை என்கிறார். மருந்து இல்லாததை எல்லாம் நோய் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

நீ எனக்காக மௌனமாக இருந்தாய். நன்றாக இருந்தது. ஆனால் அந்த மேசைக்கு நாலடி தள்ளி நீ இன்னொரு முறை தண்ணீர் பாட்டிலோடு நிற்பது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

அப்பா

*

ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். வண்டியும் நலம். கொசுவுக்கு மட்டும் ஒரு சிராய்ப்பு. அதுவும் பரிசளிப்பின்போது நாற்காலியிலிருந்து விழுந்ததில்.

முதலில் பொட்டலம். கேப்டன் அதைப் பட்டறையில் எல்லார் முன்னாலும் பிரித்துச் சத்தமாகப் படித்தான். படித்துவிட்டு என்னைப் பார்த்தான். “ஏன்டி சொல்லல?”

“ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடது.”

“நான் அப்பவே சொல்ல வாயத் தொறந்தேன்,” என்றான் ஸ்கேல். “என் கால மிதிச்சா. இன்னும் நகம் கறுப்பா இருக்கு, பாருங்க.” நிஜமாகவே ஷூவைக் கழற்றிக் காட்டினான். யாரும் கேட்கவில்லை.

கேப்டன் சீட்டுகளை எண்ணி என் கையில் கொடுத்தான். “நீயே பேசு. நான் பேசினா ஏழுன்னு வாய் தவறி வந்துரும்.”

போட்டிக்கு முந்தின சாயங்காலம் நடுவர்களின் படிகளையும் கேட்டு வாங்கி, மூன்று பேர் உட்கார்ந்து 25 சீட்டுகளையும் தயார் செய்தோம். நினைத்ததைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. பசை நீங்கள் சொன்னபடி ஓரத்தில் மட்டும்.

மேசையின் நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர் ஒரு அம்மா. அறிக்கையைத் திறந்தார். சீட்டைப் படித்தார். பக்கத்திலிருந்தவரிடம் நகர்த்தினார். ஐந்து பேரும் படிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“பதினெட்டு வருஷமா நடுவரா வர்றேன்,” என்றார் அந்த அம்மா. “தப்பு பண்ணாத டீமே கெடையாது. அத அச்சடிச்சு ஒட்டிட்டு வந்தத இப்பதான் பாக்கறேன். யாரு இந்த மெய்ப்பாளர்?”

“எங்க அப்பா.”

“இஞ்சினியரா?”

“இல்ல. மருத்துவ அகராதி.”

“ஓ,” என்றார். “சரி, ஒரே தண்டு ரெண்டு பக்கமும் சுத்துமா? சொல்லு பாப்போம்.”

அந்தக் கூடத்தில் ஒரு உயரமான விசிறி இருந்தது. நான் அவர்களை எழுப்பி, அதன் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து நடுவர்களும் வரிசையாக விசிறிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அங்கிருந்து மேசைக்குத் திரும்பி எட்டு புள்ளி இரண்டுக்கு வந்தோம். மணல் மூட்டை, கயிறு, தராசு எல்லாவற்றையும் கேட்டார்கள். பதினைந்து நிமிடம் என்று சொன்னது நாற்பது நிமிடம் ஆனது. என் தண்ணீர் பாட்டிலைக் கேப்டன் பிடித்துக்கொண்டிருந்தான்.

அறிக்கைக்கு அறுபதில் மூன்றாம் இடம். நான்கு மணி நேர ஓட்டத்தில் பதினேழு. மூன்றாம் மணி நேரத்தில் கொசு ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டாள். நாலு பேர் இறங்கித் தூக்கினோம். “அக்டோபர்ல ஒரு ரிவர்ஸ் இருந்துச்சே, அது எங்க?” என்று உள்ளே இருந்தபடியே கேட்டாள். பல்சக்கரங்களைத் திறந்து பார்த்த லேத் அண்ணன், “தேயவே இல்ல,” என்று ஏமாற்றம் போல் சொன்னார். அவர் சிரிப்பது அப்படித்தான்.

ஒன்று பாக்கி. உங்கள் ஆகஸ்ட் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் அக்டோபரில்தான் படித்தேன், மைதானத்திலிருந்து வந்த பிறகு. ஒரு முறை பார்த்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே சீட்டில் ‘பிழை அவருடையது’ என்பது பாதிதான் சரி. அதை நான் திருத்தவில்லை. அச்சில் நன்றாக இருந்தது.

மீந்த சீட்டில் ஒன்றை இணைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

‘வ’ முடிந்தது. கடைசிப் பக்கங்களில் வெறிநாய்க்கடி. யாரும் கடிக்கவில்லை. அகராதியில் உள்ள நோய்கள் அனைத்தும் வந்து போய்விட்டதால் இனி எனக்கு வர ஒன்றும் மிச்சமில்லை. மார்ச் முதல் வாரம் வீட்டில் இருப்பேன். அம்மாவிடம் சொல். மூட்டுவலி பற்றி நான் எழுதுவதாகச் சொன்னதை இனி நேரில் சொல்கிறேன், அவள் கேட்க மாட்டாள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிழை பார்க்க நினைவில்லை.

நீ இணைத்திருந்த சீட்டையும் பார்த்தேன். ‘பக்கம் 87’ என்பதை அடித்து, சிவப்பு மையில் 78 என்று எழுதியிருக்கிறாய். கூடுதலாக ஆன அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. இருபத்தைந்து சீட்டிலும் எழுதியிருப்பாய். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரே ஒரு பிழைதிருத்தம். அதிலும் ஒரு பிழை. ஃபோர்மனிடம் காட்டினேன். புதுக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“யாரு சார் கை வச்சது?”

“என் பொண்ணு.”

“பிழைதிருத்தத்துலயே பிழை பாத்திருக்காங்க. உங்களவிட மோசம் சார்.” சீட்டை என்னிடம் திருப்பித் தரும்முன் ஓரம் மடியாமல் ஒரு அட்டையில் செருகித் தந்தார்.

பக்கத்தைச் சரிபார்த்தேன். 78தான். திருத்தக் குறியின் வால் மட்டும் சற்று நீளம். மற்றபடி சரி.

அப்பா